ஹாரன் ரிலே

அந்த ரிலேயின் முதுகில் 12 வோல்ட், 30 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. படித்துவிட்டுத்தான் மாட்டினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி கிடையாது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் போடுகிற சின்னச் சதுர ரிலே அது. அதைக் கொண்டுபோய் ஒரு டீசல் எஞ்சினின் நான்கு ஹீட்டர் பிளக்குக்கும் கரண்ட் கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்தேன். ஆறிக் கிடக்கும் பிளக் ஒன்று முதல் நொடியில் இருபது ஆம்பியர்வரை இழுக்கும், சூடேறிய பிறகும் பத்துக்குப் பக்கத்தில் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். நான்கால் பெருக்கவும் தெரியும்.

காரைக்காலில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை எனக்கு. கடை திருநள்ளாறு சாலையில். இப்போது தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். நான் சாயங்காலம் போய் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் செய்வதில் குற்றம் கண்டுபிடிப்பேன். அதற்கு எனக்கு எவ்வளவு தகுதி என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சங்கதி நடந்தது 1990-களின் நடுவில். வண்டி, அரசாங்க ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப். உள்ளே வில்லிஸ் ஹரிக்கேன் எஞ்சின், 2.2 லிட்டர். பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடிக்கும். எங்களுடையது புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் எரிபொருள் வரி குறைவுதான், வாஞ்சூர் எல்லையில் நாகூர்ப் பக்கத்து வண்டிகள் வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போவது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அந்த ஜீப்புக்கு எந்த வரிச்சலுகையும் பத்தாது. அன்றைக்குப் பெட்ரோல் விலையில் ஏறக்குறையப் பாதிதான் டீசல் விலை. எனவே பெட்ரோல் எஞ்சினை இறக்கி டீசல் எஞ்சினை ஏற்றுவது ஊரூராக நடந்துகொண்டிருந்தது. அம்பாசடரில் நடந்தது, ஜீப்பில் நடந்தது, வேனில் நடந்தது.

ஜீப்புக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு வந்து சேர்ந்த எஞ்சினும் பிரெஞ்சு எஞ்சின். பியூஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90. நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 2112 சி.சி. 1979-இல் பியூஜோவிடம் லைசென்ஸ் வாங்கி மகிந்திரா இதை இங்கே செய்ய ஆரம்பித்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் காரைக்காலை விட்டுப் போய்க் கால் நூற்றாண்டு கழித்து, அவர்கள் எஞ்சின் மகாராஷ்டிரா வழியாக ஜீப்புக்குள் ஏறி ஊருக்குத் திரும்பி வந்தது. இதே 2112 சி.சி. எஞ்சின் போட்ட பியூஜோ 504 கார்கள் ஆப்பிரிக்கா முழுக்க டாக்சியாக ஓடியவை. நம் சொல்தா ஐயாவும் ஜிபூட்டியில் அதை ஓட்டியிருக்கிறார். "பாலைவனத்துல மணலைத் தின்னுட்டு ஓடுன எஞ்சின் தம்பி. இதை நம்பலாம்" என்பார். எஞ்சினை நம்பியது சரி. என்னையும் சேர்த்து நம்பினார்.

எஞ்சின் வந்தது சென்னை புதுப்பேட்டையிலிருந்து, விபத்தில் நசுங்கிய ஓர் அர்மடாவிலிருந்து பிரித்தது. லாரி ஷெட்டில் இறக்கியபோது ஆல்டர்னேட்டர் இருந்தது, செல்ஃப் மோட்டார் இருந்தது, பம்ப் இருந்தது. வயரிங் இல்லை. பிரித்தவர்கள் லூமைக் கத்தியால் அறுத்து எடுத்திருந்தார்கள். ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் பட்டைக் கம்பி மட்டும் நான்கு பிளக்கின் தலையிலும் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் முனையில் ஒரு சாண் தடித்த வயர், அவ்வளவுதான். அந்தத் தடிமனே எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லிவிட்டது. விரலில் பிடித்துப் பார்த்தேன், பத்து சதுர மில்லியாவது இருக்கும். அது எங்கிருந்து வந்தது, எந்தப் பெட்டிக்குள் போனது, நடுவில் என்ன ஃபியூஸ் என்று கேட்டு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

எஞ்சின் மவுண்ட், பெல் ஹவுசிங்குக்குத் தகடு, சைலென்சர் வளைவு, எல்லாம் மெக்கானிக் பாயின் வேலை. மனுஷர் அதைச் சிற்பம் செதுக்குகிற மாதிரி செய்தார். லேத்தில் தகட்டைக் கடைந்து, ஏற்றி, இறக்கி, மறுபடி அரை மில்லி கடைந்து ஏற்றுவார். நான் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன்.

என் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருகினால் காயிலுக்குக் கரண்ட் போகும், சாவியை எடுத்தால் எஞ்சின் நிற்கும். டீசலுக்குக் காயிலும் கிடையாது, பற்றவைக்கும் பிளக்கும் கிடையாது. சாவியை எடுத்தாலும் அது பாட்டுக்கு ஓடும், நிறுத்த ஒரு கேபிளை இழுக்க வேண்டும். அது சுலபம். கஷ்டமான இடம் ஹீட்டர். பெட்ரோல் ஜீப்பின் வயரிங்கில் அப்படி ஒரு வழியே இல்லை. புதிதாகப் போட வேண்டும்.

டீசல் எஞ்சின் காற்றை அமுக்கியே சூடாக்குகிறது, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. பெரும்பாலான லாரி, பஸ் எஞ்சின்களில் டீசல் நேராக பிஸ்டனின் தலையில் பீய்ச்சும். இந்த பியூஜோ போன்ற பழைய கார் டீசல்களில் அப்படி இல்லை. ஹெட்டுக்குள் சின்னதாக ஓர் உருண்டை அறை இருக்கும். அமுங்கும் காற்று குறுகலான வாய் வழியே அதற்குள் சுழன்று நுழையும், நாசில் அங்கேதான் பீய்ச்சும். சத்தம் குறைவு, ஓட்டம் மிருது. ஆனால் அந்த அறையின் சுவர் முழுக்க உலோகம். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, இருபது மடங்குக்கு மேல் அமுக்கிச் சேர்த்த சூட்டையெல்லாம் அந்தச் சுவர் உறிஞ்சிவிடும். செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் வெள்ளைப் புகைதான் வரும், எஞ்சின் பிடிக்காது. அதற்காக ஒவ்வோர் அறைக்குள்ளும் பென்சில் முனை மாதிரி ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். மேலே எஃகு உறை, உள்ளே மெக்னீசியம் ஆக்சைடு தூள், அதற்கு நடுவே சுருள். கரண்ட் போனால் முனை செக்கச்செவேலென்று பழுக்கும், எண்ணூறு டிகிரியைத் தாண்டும். அந்த முனையில் பட்டு முதல் சொட்டு டீசல் பற்றிக்கொள்ளும். ஹீட்டர் பிளக் செய்வது இவ்வளவுதான்.

இதெல்லாம் தெரிந்தும் எனக்கு ஹீட்டர் பிளக்கின் மேல் மரியாதை கிடையாது. இதுதான் ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் விஷயம். காரைக்காலில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வருஷம் முழுக்க லாரியும் பஸ்ஸும் ஹீட்டர் இல்லாமலே ஒரே சுற்றில் கிளம்புவதைப் பார்த்துப் பழகியவன் நான். ஹீட்டர் ஊட்டிக்காரனுக்கு வேண்டியது, கடற்கரைக்காரனுக்கு எதற்கு என்பது எங்கள் பட்டறைகளில் பாதிப் பேருடைய அபிப்பிராயம். லாரி எஞ்சின் வேறு, இந்த எஞ்சின் வேறு என்பது மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. ஐயா ஒரு நொடி, ரெண்டு நொடி அழுத்துவார், அதற்குப்போய் எழுபது ஆம்பியர் ரிலேயும் பத்து சதுர மில்லி வயருமா என்று தோன்றியது. வேண்டாத வேலை என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டே செய்த வேலை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

கடையில் இருந்த ஹாரன் ரிலேயை எடுத்தேன். 30-ஆம் டெர்மினலுக்கு பேட்டரியிலிருந்து நேர் வயர். 87-லிருந்து பிளக் பட்டைக்கு. வயர் 2.5 சதுர மில்லி, மனசு கேட்காமல் இரண்டாக முறுக்கிப் போட்டேன். ஃபியூஸ் போடவில்லை. அவ்வளவு பெரிய பட்டை ஃபியூஸ் கையில் இல்லை, இருந்ததைப் போட்டால் எரியும் என்று தெரியும். எரியும் என்று தெரிந்தால் அதன் அர்த்தம் என்ன? ரிலே தாங்காது என்றுதானே? அந்த யோசனை வந்தது, அதைத் தள்ளிவிட்டு அடுத்த வயரைச் சீவினேன். 85 எர்த். 86-லிருந்து டேஷ்போர்டில் ஒரு அழுத்துப் பட்டன், பட்டனுக்குச் சாவியிலிருந்து கரண்ட். பட்டன் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு.

அந்த விளக்கு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரிலேயைவிட அதுதான் பெரிய தப்பு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பழைய டாட்டா மெர்சிடிஸ் லாரிகளில் கை பழகியவர். 1954-இல் டெல்கோ டைம்லர் பென்சோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்த லாரிகள் அவை. அவற்றின் எஞ்சினிலும் ஹெட்டுக்குள் அறை உண்டு, ஹீட்டர் பிளக் உண்டு. ஆனால் வயரிங் வேறு மாதிரி. ஒரு பிளக்கின் வாலில் அடுத்த பிளக், அதன் வாலில் அடுத்தது என்று தொடராகப் போகும். அந்தத் தொடரில் ஒரு கண்ணியாக டேஷ்போர்டில் துளைபோட்ட சின்ன மூடிக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பிளக்கில் ஓடுகிற அதே கரண்ட் அந்தச் சுருளிலும் ஓடும். பிளக் பழுத்தால் சுருளும் பழுக்கும். ஒரு பிளக் அறுந்தால் எல்லாம் செத்துவிடும், சுருளும் கறுப்பாகவே இருக்கும். அந்த முறையில் தொல்லை அதிகம், ஒன்று போனால் எல்லாமே போய்விடுகிறதே என்று பிற்பாடு எல்லாரும் இணை வயரிங்குக்கு மாறிவிட்டார்கள். என் ஆசான் மட்டும் அந்தச் சுருளை விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார். "அந்தச் சுருளால பொய் சொல்ல முடியாதுடா. அதுக்குள்ளயும் அதே கரண்ட்தானே ஓடுது" என்பார்.

நான் போட்ட சிவப்பு விளக்கு பொய் சொல்லும். அதை 87-இல், பிளக்குக்குக் கரண்ட் போகிற பக்கத்தில் கட்டியிருக்க வேண்டும். நான் கட்டியது 86-இல், பட்டன் பக்கத்தில். வயர் அங்கேயே கைக்கு எட்டியது, எஞ்சின் பக்கத்திலிருந்து தீச்சுவர் வழியாக இன்னொரு வயர் இழுக்க வேண்டியதில்லை. ஆக, பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், விட்டால் அணையும். பிளக்குக்குக் கரண்ட் போகிறதா, நின்றதா என்பது பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஓட்டுகிறவர் என்ன கேட்டார் என்பதை அவருக்கே திருப்பிச் சொல்லும், வண்டி என்ன செய்தது என்பதைச் சொல்லாது.

வண்டி முதல் நாள் கிளம்பியதைப் பார்க்க வேண்டுமே. ஐயா பட்டனில் கட்டைவிரலை வைத்து, "ஆன், தெ, த்ருவா, காத்ரு" என்று பிரெஞ்சில் பத்துவரை எண்ணினார். நான் எதிர்பார்த்த ஒரு நொடி, ரெண்டு நொடி அல்ல. ராணுவத்துக்காரர், எழுதிவைத்தபடி செய்வார். சாவியைத் திருகினார், அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. பாய் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்குப் பேசிய கூலிக்கு மேல் ஒரு நோட்டு கிடைத்தது. வாங்கிக்கொண்டேன். அவர் பத்து எண்ணியதைக் கேட்டேனா, கேட்டேன். அப்போதே ரிலேயை மாற்றியிருக்கலாம்.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு காலையில் ஐயாவின் டிரைவர் நடந்து வந்தார். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது, விளக்குகூட எரியவில்லை என்றார்.

ரிலே என்பது என்ன? சின்ன காந்தம் ஒரு நாக்கை இழுத்து இரண்டு புள்ளிகளைச் சேர்த்துவைக்கும், காந்தத்துக்குக் கரண்ட் நின்றால் ஸ்பிரிங் நாக்கைப் பிரித்துவிடும். அந்தப் புள்ளிகளின் வழியே தாங்காத கரண்ட் ஓடினால் உலோகம் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பட்டனை விட்டாலும் பிரியாது. சாவியை எடுத்து வீட்டுக்குள் மாட்டினாலும் பிரியாது. வயர் பேட்டரியிலிருந்து நேராக வருகிறதல்லவா. நான்கு பிளக்கும் ஆளில்லாத கொட்டகையில் பழுத்துக்கொண்டே இருக்கும். 75 ஆம்பியர்-மணி பேட்டரி, நாற்பது ஆம்பியர் இழுப்பு. இரண்டு மணி நேரம் தாங்காது. டேஷ்போர்டில் விளக்கு அணைந்துதான் இருக்கும்.

இந்தக் கணக்கு எனக்கு அந்தக் காலையிலேயே ஓடியது. போய் பேட்டரியைக் கழற்றினேன். மூடிகளைத் திருகி எடுத்து ஹைட்ரோமீட்டரை விட்டு ஒவ்வோர் அறையாக ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தேன். நல்ல சார்ஜில் இருந்தால் மிதவை 1.250-க்கு மேல் நிற்க வேண்டும். எல்லா அறையிலும் அடியில் கிடந்தது. ஆறு அறையிலும் ஒரே அளவு. பேட்டரித் தொழில் தெரிந்த யாருக்கும் இது அரிச்சுவடி: ஒரு செல் செத்திருந்தால் அந்த ஒன்று மட்டும் இறங்கியிருக்கும், மற்ற ஐந்தும் மேலே நிற்கும். ஆறும் சேர்ந்தாற்போல் இறங்கியிருந்தால் பேட்டரி நல்ல பேட்டரி, எதுவோ அதை உறிஞ்சியிருக்கிறது.

ஐயா பக்கத்தில் நின்று, "என்ன தம்பி?" என்றார்.

"செல் போச்சுங்கய்யா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் வாயிலிருந்து வந்த பிறகு யோசித்தேன், திருத்திக்கொள்ள நிறைய நேரம் இருந்தது. புதுப் பேட்டரி வாங்கி வந்து, மாட்டும்போது டெர்மினலில் பொறி பறக்கிறதா என்று கவனித்தேன். ரிலே ஒட்டியிருந்தால் பெரிதாகப் பறக்கும். பறக்கவில்லை. ஒட்டியிருந்த புள்ளி ஆறிச் சுருங்கியோ, பானெட்டை அறைந்து மூடிய அதிர்விலோ விட்டுவிட்டிருக்கும். பொறி பறக்காததை நான் எனக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அப்படிக் கவனித்துப் பார்த்தேன் என்பதே, என் சந்தேகம் எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி. எஞ்சினைக் கிளப்பியபோது ஒரு நிமிஷம் வெள்ளைப் புகையும் டக்டக்கென்று தட்டலும் வந்தது. ஒரு பிளக் எரிந்துபோயிருக்கிறது, மூன்றில் கிளம்பியிருக்கிறது என்று அந்தச் சத்தம் தெளிவாகச் சொன்னது. "கொஞ்சம் ஓடினா சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்தது திருநள்ளாற்றில். சனிக்கிழமை, கோயிலுக்கு ஐயா வீட்டார் எல்லாரும் வந்திருக்கிறார்கள். வண்டியை நளதீர்த்தம் பக்கம் நிறுத்தியிருக்கிறார் டிரைவர். கூட்டத்தில் இடம் மாற்றச் சொன்னார்கள் என்று மறுபடி கிளப்பியிருக்கிறார், வழக்கம்போலப் பட்டனை அழுத்தியிருக்கிறார். மாற்றி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவருக்கு வயர் தீயும் வாடை. ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினால், நான் முறுக்கிப் போட்ட இரண்டு வயரும் தோல் உருகிப் புகைந்துகொண்டிருக்கின்றன. மனுஷர் பதறவில்லை. ஸ்பானரை எடுத்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பேட்டரி டெர்மினலைக் கழற்றி விலக்கிவிட்டார். பொறி பறந்து முழங்கையில் கொப்புளம். அவர் மட்டும் டீக்கடையில் இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஜீப் எரிந்திருக்கும்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஐயா, டிரைவர், பாய், நான், நாலு பேரும் பானெட்டைச் சுற்றி நின்றோம். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வயரிங்குக்குப் பொறுப்பு நான்தானே. அப்போது நான் சொன்ன வார்த்தை இது:

"பட்டனை விடாம பிடிச்சுக்கிட்டே இருந்தா எந்த வயர்தான் தாங்கும்?"

டிரைவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். கொப்புளத்துக்கு நீலமருந்து தடவியிருந்தார். "பத்துதான் தம்பி எண்ணுவேன். ஐயா சொன்னபடி பத்துதான்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா அவரைத் திட்டவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்த ஜீப்பின் சாவி அவர் கைக்கு வரவில்லை. ஐயாவின் அக்கா மகன் ஓட்ட ஆரம்பித்தான்.

பிளக்குகளைக் கழற்றியபோது என் வேலையின் பலன் இன்னொரு தரம் வெளியே வந்தது. இரண்டு பிளக் சுலபமாக வந்தன, முனை கறுத்து, வெடித்து. மூன்றாவது பாதி திருகில் நின்றுவிட்டது. அளவுக்கு மீறிப் பழுத்த முனை அறைக்குள்ளேயே ஊதிப் பருத்துவிடும், வந்த துளை வழியாக வெளியே வராது. பாய் டீசலை ஊற்றி ஊறவிட்டு, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, காதை வைத்துக் கேட்டுக் கேட்டு முயன்றார். முறிந்தது. முனை அறைக்குள் விழுந்துவிட்டது. அதை அப்படியே விட்டு எஞ்சினைக் கிளப்பினால் வாய் வழியாக சிலிண்டருக்குள் வந்து பிஸ்டனைக் குத்தும். ஹெட்டை இறக்க வேண்டியதாயிற்று. ஹெட் கேஸ்கெட், கூலி, நான்கு புதுப் பிளக், எல்லாம் ஐயா கணக்கில்.

பாய் முறிந்த துண்டைக் குறடால் எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். "இது எப்படிப்பா இவ்ளோ எரியும்?"

"டூப்ளிகேட் பிளக்கா இருக்கும் பாய்."

அவர் பிளக்கின் மறுபாதியைத் திருப்பினார். கம்பெனி முத்திரை தெளிவாக இருந்தது. ஒன்றும் பேசாமல் தட்டில் போட்டார். அவருக்கு அன்றே விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகும் எனக்கு வேலை அனுப்பினார், ஆனால் நான் வயரிங் செய்யும்போது பக்கத்தில் வந்து நின்று பார்க்க ஆரம்பித்தார். முன்பு அந்த வழக்கம் இல்லை.

அன்று ராத்திரி எல்லாரும் போன பிறகு ரிலேயின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தேன். இரண்டு புள்ளிகளும் ஒட்டி, ஒரு பக்கம் உருகி வழிந்து, நீலம் பாரித்திருந்தன. நாக்கை நகத்தால் தூக்கினால் வரவில்லை. குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்று அரசலாற்றுப் பாலத்திலிருந்து தண்ணீரில் எறிந்தேன். ஒரு ஹாரன் ரிலேயை ஒளிக்க ஆறுவரை நடந்த ஆள் நான்.

பிறகு எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். எழுபது ஆம்பியர் ரிலே, பத்து சதுர மில்லி வயர், பித்தளை லக்கை அழுத்தி ஈயம் பிடித்து, மேலே ரப்பர் உறை, 80 ஆம்பியர் பட்டை ஃபியூஸ். உப்புக்காற்றில் எர்த் பச்சை பூத்துவிடும் என்று சேசிஸில் பெயின்டைச் சுரண்டி கிரீஸ் வைத்துப் போல்ட் போட்டேன். விளக்கை 87-க்கு மாற்றினேன். ஐயா கேட்டபோது, "கொஞ்சம் ஸ்ட்ராங் பண்ணியிருக்கேன்" என்றேன். கூலி வேண்டாம் என்றேன். அதைப் பெருந்தன்மை என்று அவர் எடுத்துக்கொண்டார், நானும் மறுக்கவில்லை. ஜீப் அதற்குப் பிறகு தொந்தரவு கொடுக்கவில்லை.

இப்போதெல்லாம் அப்படி எஞ்சின் மாற்றுவது லேசில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அன்றைக்கு ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் பத்தியை மாற்றி எழுதிக்கொள்வதோடு முடிந்தது. ஆனாலும் ஹீட்டர் பிளக் வேலை கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் பலவற்றின் பிளக் பன்னிரண்டு வோல்ட்டில் வேலை செய்வதே இல்லை. ஐந்து வோல்ட்டுக்குப் பக்கம்தான். கம்ப்யூட்டர் கரண்டைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கும், எஞ்சின் கிளம்பிய பிறகும் புகையும் தட்டலும் அடங்கக் கொஞ்ச நேரம் கொடுக்கும். பையன்கள் பழைய பழக்கத்தில் பேட்டரி வயரை நேராகத் தொட்டுச் சோதித்து, சில நொடியில் பிளக்கை எரித்துவிடுகிறார்கள். தம்பி மகன் ஒருநாள் அப்படி எரித்துவிட்டு வண்டிக்காரரிடம், "உங்க பிளக் ஏற்கெனவே போயிருந்துச்சு" என்றான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவனைத் திட்டியிருக்க வேண்டும். எந்த முகத்தோடு திட்டுவது? நான் புதுப் பிளக்குக்குப் பணம் எடுத்துக் கொடுத்தேன், அவன் ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

ஐயா இப்போது இல்லை. டிரைவரும் இல்லை. கடைசி வரையில் வழியில் பார்த்தால் "என்ன தம்பி, சௌக்கியமா" என்றுதான் கேட்பார் அவர். நானும் சௌக்கியம் என்பேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல எத்தனையோ தடவை வாய்ப்பு இருந்தது. பாரதியார் சாலையில், மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில், ஆஸ்பத்திரி வாசலில். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, இதை எழுத உட்காரும்வரை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். செல் போய்விட்டது என்று நான் கழற்றிய அந்தப் பழைய பேட்டரி. பழையதை ஈயத்துக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ அதை ஐயாவின் பில்லில் கழித்துக்கொடுத்தேன், கணக்கில் சுத்தம். அவர் போன பிறகு அதைச் சார்ஜில் போட்டேன். மறுநாள் ஆறு அறையிலும் மிதவை மேலே வந்து நின்றது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, டெர்மினலுக்கு வாசலின் தடவி, கிளிஞ்சல்மேட்டு விசைப்படகுக்காரர் ஒருவருக்கு விளக்கு எரிக்க நல்ல விலைக்குக் கொடுத்தேன். ஈய விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அடுத்த வருஷம் அவர் கடைக்கு வந்தார். புகார் சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, அதே மாதிரி பழைய பேட்டரி இன்னொண்ணு இருந்தா சொல்லுங்க. மச்சான் படகுக்கு வேணும்" என்றார்.